ஒரு பழைய பேக்பைப்பை விற்ற கதை

ஸ்காட்லாந்தின் பைக்குழல் வாத்தியமான என் ஹைலண்ட் பேக்பைப்பை விற்க நான் முதலில் எழுதிய விளம்பரம் ஒன்றரை வரிதான். பழைய ஹைலண்ட் பேக்பைப், ஹென்டர்சன் தயாரிப்பு, நல்ல நிலையில் உள்ளது, விலை 1,500 பவுண்டு என்று எழுதி, சோபாவின் மேல் வைத்து எடுத்த ஒரு புகைப்படத்தையும் சேர்த்திருந்தேன். அன்று மாலைக்குள் ஏழு பேர் விசாரித்து எழுதினார்கள். ஆறு பேர் விலையைக் குறைப்பீர்களா என்று கேட்டார்கள். ஏழாவது கடிதத்தில் நான்கு கேள்விகள் இருந்தன: சுருதி தரும் குழல்களான ட்ரோன்கள் கிளாஸ்கோவின் பழைய பட்டறையான ஹென்டர்சன் செய்தவை என்பதற்கு என்ன ஆதாரம், மரம் எது, மூன்று ட்ரோன்களும் ஒரே கையின் கடைசலா, பூண்கள் எதனால் ஆனவை. பதினான்கு ஆண்டுகள் அந்தப் பைப்பைத் தோளில் தாங்கி வாசித்த எனக்கு, அவற்றில் ஒரு கேள்விக்குக்கூட உறுதியான பதில் தெரியவில்லை. கடிதத்தின் கடைசி வரி இன்னும் சங்கடமானது. பூண்கள் தந்தமாக இருந்தால், பதிவு செய்யாமல் விற்பனைக்கு விளம்பரம் கொடுத்ததே சட்டப்படி குற்றம் என்பதை நான் அறிந்திருப்பேன் என்று நம்புவதாக அவர் மரியாதையாக எழுதியிருந்தார். நான் அறிந்திருக்கவில்லை. அன்றிரவே விளம்பரத்தை நீக்கினேன்.

கிளாஸ்கோவுக்கு வேலை நிமித்தம் வந்து சேர்ந்த சில ஆண்டுகளில், பக்கத்துத் தெருவின் சமூகக் கூடத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு சிறிய பேண்டின் சத்தம்தான் என்னை இந்த வாத்தியத்திடம் இழுத்தது. நாகசுரம் கேட்டு வளர்ந்த காதுக்கு பேக்பைப் அந்நியமானதல்ல. சீவாளியைப் போலவே, விரல் வைத்து மெட்டு வாசிக்கும் குழலான சான்டரிலும் இரட்டை நாக்கு கொண்ட ரீட் இருக்கிறது. நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒத்து பிடிப்பவர் செய்கிற வேலையை, தோளில் சாய்ந்து நிற்கும் மூன்று ட்ரோன்கள் செய்கின்றன. டெனர் ட்ரோன்கள் இரண்டும் சான்டரின் கீழ் ஏ ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே நிற்கும். பேஸ் ட்ரோன் இரண்டு ஸ்தாயி கீழே நிற்கும். பயிற்சிச் சான்டரில் ஒன்றரை ஆண்டு கழித்த பிறகு, 2009-ல், காலமான ஒரு பைப்பரின் மனைவியிடமிருந்து இந்தப் பைப்பை 1,400 பவுண்டுக்கு வாங்கினேன். கணவர் அதை ஹென்டர்சன் என்றுதான் சொல்வார் என்று அந்த அம்மையார் கூறினார். சான்டரிலும் அந்தப் பெயர் முத்திரையாக இருந்தது. நானும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. 2022-ன் இறுதியில் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பின், வயிற்றை அழுத்தி ஊதும் வாத்தியத்தை விட்டுவிடுவது நல்லது என்று மருத்துவர் சொன்னார். நான் விற்பவனான காரணம் அவ்வளவுதான்.

விளம்பரத்தை நீக்கிய மறு வாரம், பழைய பைப்புகளைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெரியவரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் முதலில் செய்த காரியம் எனக்கு வியப்பாக இருந்தது. முத்திரை குத்திய சான்டரைக் கையில் எடுத்து, ஒருமுறை பார்த்துவிட்டு, ஓரமாக வைத்துவிட்டார். சான்டரில் உள்ள பெயர் சான்டரைப் பற்றி மட்டுமே சொல்லும் என்றார். பழைய ட்ரோன்கள் பெரும்பாலும் முத்திரை இல்லாமலே கடையப்பட்டவை. சான்டரோ தேய்ந்தும் உடைந்தும் சுருதி மாறியும் ஒரு பைப்பின் வாழ்நாளில் பலமுறை மாற்றப்படுகிற உறுப்பு. ஒரு பட்டறையின் சான்டர் இன்னொரு பட்டறையின் ட்ரோன்களோடு ஒரே பெட்டியில் இருப்பது சர்வ சாதாரணம். ஆகவே முத்திரையை ஆதாரமாகக் காட்டி ட்ரோன்களுக்கு விலை சொல்பவர் அறியாமல் சொல்கிறார், அல்லது அறிந்தே சொல்கிறார். நான் முதல் வகை.

பின்பு அவர் ட்ரோன்களை மூட்டு மூட்டாகப் பிரித்து மேசையில் வரிசையாக அடுக்கினார். பேஸ் ட்ரோனுக்கு மூன்று துண்டு, டெனர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு துண்டு, ஊதுகுழல், பையில் கட்டப்படும் ஐந்து ஸ்டாக்குகள். மரத்தில் வரிவரியாகக் கடைந்திருக்கும் அலங்காரக் கோடுகளின் இடைவெளி, அவற்றுக்கு நடுவே எழும் மெல்லிய முத்துவரையின் பருமன், மணிபோல் விரியும் மேல்முனையின் வளைவு ஆகியவற்றை ஒவ்வொரு துண்டிலும் ஒப்பிட்டார். அந்தக் காலத்துக் கடைசல்காரர்கள் இதையெல்லாம் கையால் வெட்டியதால், ஒவ்வொரு பட்டறைக்கும், சில சமயம் பட்டறையின் ஒவ்வொரு ஆளுக்கும், கையெழுத்துப் போல ஒரு சாயல் உண்டு. அரை மணி நேரத்தில் இரண்டு விஷயங்கள் தெளிவாயின. ஒரு டெனரின் கீழ்த்துண்டு பிற்காலத்தில் மாற்றப்பட்டது. அதன் கோடுகள் ஒழுங்காக இருந்தாலும் மற்றவற்றைவிட ஆழமாகவும் கூர்மையாகவும் இருந்தன. மற்ற எல்லாம் ஒரே கை. ஆனால் அந்தக் கை ஹென்டர்சன் பட்டறையுடையதாக அவருக்குத் தோன்றவில்லை. கிளாஸ்கோவிலேயே இருந்த ஆர். ஜி. லாரி பட்டறையின் வேலை, இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலம் என்பது அவர் ஊகம். ஊகம் என்பதை அவரே இரண்டு முறை வலியுறுத்தினார். எழுதிக் கொடுக்கும்போதும் லாரியின் பாணியில் அமைந்தது என்றுதான் எழுதினாரே தவிர, லாரி செய்தது என்று எழுதவில்லை. அந்த வேறுபாட்டை நான் பின்னால் விளம்பரத்தில் அப்படியே காப்பாற்றினேன். விற்பனையில் எனக்கு மிகவும் உதவிய ஒரு சொல் இருந்தால் அது அந்தப் பாணி என்ற சொல்தான், ஏனெனில் அதைப் பார்த்து விவரம் தெரிந்தவர்கள் என்னை நம்பினார்கள்.

மரம் ஆப்பிரிக்கக் கருமரம் என்பதில் ஐயமில்லை. தான்சானியா, மொசாம்பிக் பகுதிகளில் வளரும் அந்த மரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் பேக்பைப்பின் முதன்மை மரமாகிவிட்டது. அதற்கு முந்தையவற்றில் கருங்காலியும், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கோக்கஸ் மரமும் உண்டு. கருங்காலி எளிதில் பிளவுபடும் என்பதால் வாங்குபவர்கள் அதை அஞ்சுகிறார்கள். கருமரமும் பிளக்காமல் இருப்பதில்லை. என் பைப்பில் ஒரு ஸ்டாக்கில் நீளவாக்கில் ஒரு பழைய விரிசலை யாரோ ஒட்டி, நூலால் இறுகச் சுற்றியிருந்தார்கள். ஸ்டாக்குகள் பையின் உறைக்குள் மறைந்திருப்பதால் பதினான்கு ஆண்டுகளில் நான் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. விற்க நினைப்பவர்களுக்கு முதல் யோசனையாக இதைச் சொல்வேன்: உறையைக் கழற்றி, ஒவ்வொரு துண்டின் உட்துளையிலும் சிறு விளக்கைச் செலுத்திப் பாருங்கள். நீங்கள் பார்க்காததை வாங்க வருபவர் பார்த்தால், பார்த்த விரிசலைவிட நீங்கள் மறைத்ததாக அவர் நினைக்கப்போகும் விரிசல்களுக்காகவே விலை குறையும்.

அடுத்தது பூண்கள். பழைய பைப்புகளில் வெண்மையாகவோ மஞ்சள் படிந்தோ இருக்கும் பூண் தந்தமாக இருக்கலாம், செல்லுலாயிடாக இருக்கலாம், பாலின் புரதத்திலிருந்து செய்யும் கேசீனாக இருக்கலாம், எலும்பாகவோ கொம்பாகவோகூட இருக்கலாம். பெரியவர் உருப்பெருக்கியின் கீழ் பூணின் குறுக்கு வெட்டுமுகத்தைக் காட்டினார். யானைத் தந்தத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வலைப்பின்னல் போல் ஓடும் மெல்லிய கோடுகள் உண்டு. அவற்றை ஷ்ரேகர் கோடுகள் என்கிறார்கள். தந்தத்தைப் போலத் தோன்றச் செய்த செல்லுலாயிடிலும் கோடுகள் இருக்கும், ஆனால் அவை வெட்டிக்கொள்ளாமல் பக்கம் பக்கமாக ஓடும். விரலால் சூடு ஏறத் தேய்த்தால் கற்பூர வாடையும் வரும். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்லும் ஒரு பழைய யோசனை இன்னும் உலவுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தந்தமானால் வடு விழும், செல்லுலாயிடானால் தீப்பிடிக்கும். என் பைப்பின் ட்ரோன்களில் இருந்த நான்கு பெரிய பூண்களும் மேல்முனை வளையங்களும் யானைத் தந்தம். ஊதுகுழலின் பூண் மட்டும் செல்லுலாயிட், அதுவும் பிற்காலத்தில் மாற்றியது. அது மற்றவற்றைவிட அதிகமாக மஞ்சளித்திருந்ததை அழகு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூட்டுகளில் இருந்த உலோகப் பூண்கள் நிக்கல். வெள்ளியாக இருந்திருந்தால் அதில் குத்திய முத்திரைகளே காலத்தைச் சொல்லியிருக்கும். எடின்பரோ சோதனைக் கூடத்தின் கோட்டை முத்திரையும் ஆண்டுக்குரிய எழுத்தும் சேர்ந்தால், வெள்ளி எந்த ஆண்டு சோதிக்கப்பட்டது என்று பட்டியலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அதுவும் வெள்ளியின் வயதுதான், மரத்தின் வயதல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும்; பழைய மரத்துக்குப் புதிய வெள்ளி அணிவிப்பது புதிதல்ல.

இனி, எல்லோரும் என்னிடம் கேட்கிற பகுதி. பிரிட்டனின் தந்தச் சட்டம் 2018-ல் இயற்றப்பட்டு, 2022 ஜூன் 6 முதல் நடைமுறைக்கு வந்தது. தந்தம் கொண்ட பொருளை விற்பது, வாங்குவது, வாடகைக்கு விடுவது, விற்பதற்காக ஏற்றுமதி செய்வது, விற்பனைக்கு இருக்கிறது என்று அறிவிப்பது ஆகிய அனைத்தும் அதன்படி தடை செய்யப்பட்டுள்ளன. விதிவிலக்குகள் சில உண்டு. அவற்றில் ஒன்று இசைக்கருவிகளுக்கானது. கருவி 1975-க்கு முன் செய்யப்பட்டிருக்க வேண்டும். அதிலுள்ள தந்தம் மொத்தப் பொருளின் கன அளவில் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். விற்பனைக்கு அறிவிக்கும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். மீறினால் 2,50,000 பவுண்டு வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. சொந்தமாக வைத்திருக்கவும் வாசிக்கவும் தடை ஏதும் இல்லை; அன்பளிப்பாகவோ உயில் வழியாகவோ கொடுக்கவும் பதிவு தேவையில்லை. விற்கவோ வாங்கவோ முனையும்போதுதான் சட்டம் வருகிறது. 2025 ஜனவரி 28 முதல் நீர்யானை, நார்வால், கில்லர் திமிங்கிலம், ஸ்பெர்ம் திமிங்கிலம் ஆகியவற்றின் தந்தமும் பல்லும் இதே சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆகவே யானைத் தந்தம் இல்லை என்று உறுதியானவுடன் நிம்மதி அடைந்துவிட முடியாது.

இதைப் படிக்கும்போது பூதமாகத் தோன்றும். நடைமுறையில் பதிவு செய்தது ஒரு மாலைப் பொழுது வேலை. விலங்கு மற்றும் தாவர நல முகமையின் இணையப் படிவத்தில் கருவியின் வர்ணனை, தந்தம் இருக்கும் இடங்கள் தெரியும் புகைப்படங்கள், 1975-க்கு முந்தையது என்று எப்படி அறிந்தேன், 20 சதவீதத்துக்குக் கீழே என்று எப்படிக் கணக்கிட்டேன் என்ற விளக்கங்கள், கட்டணம் 20 பவுண்டு. கன அளவுக்கு வெர்னியர் அளவியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பூணின் வெளிவிட்டம், உள்விட்டம், தடிமன் ஆகியவற்றை அளந்து எழுதினேன். மரத்துண்டுகளையும் அப்படியே அளந்தேன். என் கணக்கில் தந்தம் 11 சதவீதம் அளவுக்கு வந்தது. காலத்துக்குப் பெரியவரின் எழுத்துமூலக் கருத்தோடு, பைப்பை விற்ற அம்மையார் 2009-ல் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படமும் உதவியது. ஸ்காட்லாந்துப் பாவாடையான கில்ட் அணிந்து நிற்கும் அவர் கணவரின் தோளில் அதே ட்ரோன்கள். பின்புறத்தில் பென்சிலால் 1958 என்று எழுதியிருந்தது. அத்தனை ஆண்டுகள் சான்டருக்கு அடியில் கசங்கிக் கிடந்த அந்தப் படத்தை நான் ஒருமுறை தூக்கி எறியவிருந்தேன். பழைய கருவியை வாங்குபவர்கள் ரசீது, கடிதம், படம் எதையும் எறிய வேண்டாம்.

பதிவு உரிமையாளருக்கு உரியது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. கருவி கைமாறியதும் என் பதிவு முடிந்துவிடுகிறது. வாங்கியவர் பின்னொரு நாள் விற்க விரும்பினால் அவர் தம் பெயரில் மீண்டும் பதிவு செய்ய வேண்டும். இதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

தந்தப் பூண்களைக் கழற்றிவிட்டுச் செயற்கைப் பூண் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே என்று பேண்டு நண்பர் ஒருவர் சொன்னார். வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகும் பைப்பர்கள் சிலர் அப்படிச் செய்கிறார்கள், காரணத்தோடுதான். 2014-ல் கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குத் திரும்பிய இரண்டு இளம் பைப்பர்களின் பைப்புகளை எல்லையில் பறிமுதல் செய்த செய்தி இந்த உலகில் பெரும் அச்சத்தை உண்டாக்கியது. பின்பு அவை திருப்பித் தரப்பட்டாலும் அச்சம் போகவில்லை. வாசிக்க எடுத்துச் செல்பவர்களுக்கு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ் இசைக்கருவிச் சான்றிதழ் உண்டு; ஆனால் விற்பனைக்கு அது உதவாது. எனினும் விற்பதற்காகவே பழைய பூண்களை அறுத்தெடுப்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. யானை இறந்து நூறு ஆண்டுகள் இருக்கும். பூணை அறுப்பதால் அது மீளாது, கருவியின் முழுமை மட்டும் போகும். இது என் கருத்து. மாறாக நினைப்பவர்களோடு சண்டை இல்லை.

தந்தம் சந்தையைச் சுருக்குகிறது என்பது மட்டும் உண்மை. ஹைலண்ட் பேக்பைப்புக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆவலான வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கா 2016 முதல் ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்தை ஏறக்குறைய முற்றிலும் தடுத்துவிட்டதால் அந்தக் கதவு எனக்கு மூடப்பட்டிருந்தது. கருமரத்துக்கு அந்தத் தடை இல்லை. அதன் பேரினமான டால்பெர்ஜியா முழுவதும் 2017 ஜனவரி 2-ல், எல்லை தாண்டி விற்க அனுமதிச் சான்று தேவைப்படும் சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது கருவி செய்பவர்கள் எல்லோரும் தவித்தார்கள். 2019 நவம்பர் 26 முதல் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆக, என் பைப்பின் பூண்கள் செயற்கையாக இருந்திருந்தால் உலகச் சந்தையில் இன்னும் முந்நூறு நானூறு பவுண்டு கூடக் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் விலையை ஏற்றிய தந்தம் இன்று இறக்குகிறது.

விற்பதற்கு முன் எதைச் சரிசெய்வது, எதைத் தொடாமல் விடுவது என்பதில் பெரியவரின் அறிவுரையை அப்படியே பின்பற்றினேன். பழைய விரிசல் காற்றை விடுகிறதா என்று சோதித்தார். விடவில்லை, எனவே தொடவில்லை. மெருகைச் சுரண்டிப் புதிதாகப் பூசவில்லை. நிக்கல் பூண்களைத் துணியால் துடைத்ததோடு நிறுத்தினோம். தந்தத்தை வெளுக்க வைக்கும் முயற்சி எதுவும் வேண்டாம் என்றார். மூட்டுகளின் பழைய சணல் நூலை மட்டும் அவிழ்த்துவிட்டு மெழுகு பூசிய புதிய நூலைச் சுற்றினேன். இதில் செலவு மிகக் குறைவு, பலன் மிகுதி: மூட்டு தளராமல் நின்றால்தான் ட்ரோன் சுருதி நிலைக்கும். பைக்குப் புதிதாகச் செலவு செய்யலாமா என்று யோசித்துக் கைவிட்டேன். தோல் பை விரும்புபவர் செயற்கைப் பையைக் கழற்றி எறிவார், செயற்கை விரும்புபவர் தோலை எறிவார். யாருக்கு என்று தெரியாமல் அங்கி தைப்பது போல அது.

சான்டர் விஷயத்தில்தான் என் மனம் அதிகம் தடுமாறியது. இன்று பேண்டுகளில் சான்டரின் கீழ் ஏ ஸ்வரம் 480 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கிறது. போருக்கு முந்தைய சான்டர்களின் சுருதி அதைவிடக் கணிசமாகத் தாழ்ந்தது. எனவே ஹென்டர்சன் முத்திரை கொண்ட அந்தச் சான்டரை நான் பேண்டில் ஒருநாளும் பயன்படுத்தவில்லை. பேண்டுக்காக வாங்கிய நவீன பிளாஸ்டிக் சான்டரில்தான் வாசித்தேன். விற்கும்போது நவீன சான்டரைத் தனியாகப் பேண்டிலேயே ஒரு மாணவருக்கு விற்றேன், ஏனெனில் பழைய ட்ரோன்களை வாங்கும் தேர்ந்த பைப்பர் தமக்குப் பிடித்த சான்டரை ஏற்கெனவே வைத்திருப்பார். முத்திரைச் சான்டரைத் தனியே சேகரிப்பாளர்களுக்கு விற்றுவிடச் சொன்னவர்கள் உண்டு. இந்தப் பெட்டியில் குறைந்தது அரை நூற்றாண்டு ஒன்றாகக் கிடந்தவற்றைப் பிரிக்க மனம் வரவில்லை. ட்ரோன்களின் பட்டறையை இந்த முத்திரை நிரூபிக்காது என்று எழுதி, அதோடு சேர்த்தே கொடுத்தேன்.

இரண்டாவது விளம்பரத்தை எழுத மூன்று நாள் ஆனது. இயற்கை வெளிச்சத்தில், சாதாரண சாம்பல் நிறத் துணியின் மேல், ஒவ்வொரு துண்டையும் இரு பக்கமும் படம் எடுத்தேன். விரிசல், மாற்றிய டெனர் துண்டு, மாற்றிய ஊதுகுழல் பூண் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக அண்மைப் படங்கள் சேர்த்தேன். பதிவெண்ணை முதல் பத்தியிலேயே போட்டேன். ஒலிப்பதிவும் செய்தேன்: முதலில் மூன்று ட்ரோன்களும் சேர்ந்து ஒரு நிமிடம், பின் ஒவ்வொன்றும் தனியாக, கடைசியில் ஒரு மெதுவான மெட்டு. நான் ஊதக் கூடாது என்பதால் பேண்டு நண்பர் ஒருவர் வாசித்தார். ட்ரோன்கள் சுருதி சேரும்போது மூட்டில் எவ்வளவு நூல் வெளியே தெரிகிறது என்பதையும் படமாக எடுத்துப் போட்டது நல்ல யோசனையாக அமைந்தது. தேர்ந்த பைப்பர்கள் அதைப் பார்த்தே ட்ரோன் இன்றைய சுருதிக்கு வசதியாக ஏறுமா என்று கணிப்பார்கள். ஓரத்துக்குத் தள்ளிப்போய்ச் சுருதி சேரும் ட்ரோன் எவ்வளவு பேர் பெற்றதானாலும் சிரமம் தரும்.

விலை 2,200 பவுண்டு என்று வைத்தேன். கருமரத்தில் செய்த அலங்காரமில்லாத புதிய பைப்பின் தொடக்க விலையே அப்போது ஆயிரம் பவுண்டை ஒட்டி இருந்தது. இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட கிளாஸ்கோ கடைசலுக்கு அதன் ஒலிக்காகவே கூடுதல் மதிப்பு உண்டு. மாற்றிய துண்டும் விரிசலும் பட்டறை உறுதியாகாததும் இறக்கின. கடையொன்றில் ஒப்படைத்து விற்கலாம் என்ற வழியும் இருந்தது. கடைக்காரர் கேட்ட தரகு எனக்கு அதிகமாகப் பட்டது. இன்று யோசித்தால், நேரமில்லாதவருக்கு அந்தத் தரகு நியாயமானதுதான்.

இந்த முறை விசாரணைகள் குறைவாக வந்தன, ஆனால் எல்லாம் கருவியைப் பற்றியே இருந்தன, இரண்டைத் தவிர. ஒருவர் பார்க்காமலே முழு விலைக்கும் சம்மதித்து, காசோலையில் கூடுதலாக 400 பவுண்டு எழுதி அனுப்புவதாகவும், அதைத் தம் கூரியர் ஆளிடம் கொடுத்துவிடும்படியும் கேட்டார். காசோலை பின்னால் திரும்பிவிடும், 400 பவுண்டும் பைப்பும் போய்விடும். இது பழைய தந்திரம். பைப்பர் யாரும் ரீட் எது என்றுகூடக் கேட்காமல் பைப் வாங்குவதில்லை என்பதே போதுமான அடையாளம். இன்னொருவர் உள்ளூர்ச் சேகரிப்பாளர். ஒவ்வொரு துண்டாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்லி, ஆயிரத்து நூறில் வந்து நின்றார். நான் ஏற்கெனவே எழுதியிருந்த குறைகளையே அவர் திரும்பச் சொன்னதால் எனக்குக் கோபம் வரவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அதே வாரத்தில் நண்பர் ஒருவர், தமக்குப் பரிசாக வந்த பைப்பையும் விற்றுத் தரக் கேட்டார். பாகிஸ்தானின் சியால்கோட் நகரில் பேக்பைப்புகள் பெருமளவில் தயாராகின்றன. அவற்றில் வாசிக்கத் தக்கவை உண்டு என்றாலும், சுற்றுலாப் பயணிகளுக்கென்று மலிவாகச் செய்தவற்றில் உட்துளை நேராக இருக்காது, ட்ரோன்கள் சுருதி சேராது. நண்பருடையது இந்த இரண்டாம் வகை. சுவரில் மாட்டும் அலங்காரப் பொருள், வாசிக்க உகந்ததல்ல என்று எழுதி 60 பவுண்டுக்கு விற்றோம். தொடக்கநிலை மாணவர்களுக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால் இரு மடங்கு கிடைத்திருக்கும், யாரோ ஒரு சிறுவன் தனக்கு வாசிக்க வராது என்று நினைத்து வாத்தியத்தையே விட்டிருப்பான்.

என் பைப்பை வாங்கியவர் இன்வர்னஸிலிருந்து வந்தார். ஆகஸ்டில் கிளாஸ்கோவில் பைப்பிங் லைவ் விழாவும், அதன் முடிவில் கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் உலக பைப் பேண்ட் போட்டியும் நடக்கும் வாரத்தில் உலகின் பாதிப் பைப்பர்கள் நகரத்தில் இருப்பார்கள். அந்த வாரத்தை எண்ணியே ஜூலை இறுதியில் விளம்பரத்தை வெளியிட்டிருந்தேன். இருபது வயதைத் தாண்டியிராத ஓர் இளம்பெண், தம் ஆசிரியரோடு வந்தார். அவர் ட்ரோன்களைத் தூக்கி வாசிக்கத் தொடங்கிய மூன்றாம் நிமிடத்தில் பேஸ் ட்ரோனின் சுருதி மெல்ல வழுக்கியது. நடு மூட்டு தளர்ந்து, மேல்துண்டு தன் பாரத்தாலேயே இறங்கிக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவுக்குப் பிறகு மூன்று வாரம் யாரும் ஊதாமல் அலமாரியில் வைத்திருந்ததில் நூல் காய்ந்து சுருங்கியிருக்கிறது. இவ்வளவு ஏற்பாடு செய்தவன் இதை மறந்தேன். நல்லவேளையாக அந்த ஆசிரியர் பழுத்த அனுபவசாலி. தம் பெட்டியிலிருந்து நூலை எடுத்து நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டு, இது கருவியின் குறையல்ல என்று மாணவியிடம் சொன்னார். வேறொருவராக இருந்தால் அங்கேயே விற்பனை முடிந்திருக்கும். விற்பனைக்கு வைத்த பைப்பை, பார்க்க வருபவர் வருவதற்கு முன் இரண்டு வாரமாவது தினமும் அரை மணி நேரம் யாராவது வாசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பின்பு அந்தப் பெண் தாம் கொண்டுவந்த ட்ரோன் ரீட்களைப் பொருத்தினார். என்னிடம் இருந்தவை பேண்டுக்காகத் தேர்ந்தெடுத்த, சற்றே முரட்டு ஒலி தருபவை. அவருடைய ரீட்களில் அதே மூன்று ட்ரோன்களும் ஒன்றோடொன்று கலந்து, பதினான்கு ஆண்டுகளில் நான் கேட்காத ஒரு ஒலியைத் தந்தன. இத்தனை காலம் தவறான ரீட்களோடு வாசித்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. வாங்க வருபவரிடம் அவருடைய ரீட்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் ரீட் உங்கள் கருவிக்கே எதிராகச் சாட்சி சொல்லக்கூடும். அரை மணி நேரம் வாசித்தார்கள். நடுவில் ஆசிரியர் மாற்றிய டெனரின் துண்டைக் கழற்றி உள்ளே பார்த்து, துளை சரியாகவே இருக்கிறது என்றார். விலையில் 250 பவுண்டு குறைக்கக் கேட்டார்கள். மூட்டு வழுக்கிய வெட்கத்தில் உடனே ஒப்புக்கொண்டேன். நூறு குறைத்திருந்தாலும் வாங்கியிருப்பார்கள் என்று என் மனைவி இன்றும் சொல்கிறார்.

1,950 பவுண்டும் வங்கி வழியாக என் கணக்கில் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகே பெட்டியை மூடினேன். இரு பக்கக் காகிதம் ஒன்றில் துண்டுகளின் பட்டியல், விரிசல், மாற்றங்கள், பதிவெண், தேதி எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். பெரியவர் எழுதிய கருத்தின் அசலையும், கன அளவுக் கணக்கையும் உறையில் போட்டுக் கொடுத்தேன். 1958 புகைப்படத்தின் பிரதியைக் கொடுத்து அசலை நான் வைத்துக்கொள்வதாக இருந்தேன். பின்புறத்துப் பென்சில் எழுத்து பிரதியில் சரியாக விழவில்லை. மறுபதிவு செய்யும் நாளில் அவருக்கு அதுதான் தேவைப்படும் என்பதால், அசலையே பெட்டிக்குள், சான்டருக்கு அடியில், முன்பு இருந்த இடத்திலேயே வைத்து அனுப்பினேன்.